நோயாளிக்கு கட்டில் உண்டு. கூட வந்தவருக்கு பிளாட்பாரம்!

இலவச தங்குமிடம் பெருக காசு எங்கிருந்து வரும்?

ராத்திரி 9 மணி. சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள அரசு பொது ஆஸ்பத்திரியில் பார்வையாளர் கூட்டம் கலைந்துவிட்டது. ஆப்பிள், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்தவர்கள் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். கேட்டில் வாட்ச்மேன் விசில் ஊதுகிறார்.

போகாதவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் போக இடம் இல்லை.

மரத்தடியில், தாழ்வாரத்தில், சுவர் ஓரத்தில், வெளியே பிளாட்பாரத்தில் என்று ஒவ்வொருவராக இடம் பிடிக்கிறார்கள். பாய் கொண்டுவந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு பழைய பேப்பர்தான் பாய். (மாலைப் பேப்பருக்கு இப்படியும் ஓர் உபயோகம்!)

பக்கத்தில் ஒரு ஒயர் கூடை. அதில் பிளாஸ்க், தூக்குச்சட்டி, மாற்றுத் துணி ஒன்று. தலைக்கு மட்டும் கூடையை வைப்பது இல்லை. ஜவுளிக்கடை மஞ்சள் பையை நாலாக மடித்து வைக்கிறார்கள். அதில்தான் ஆஸ்பத்திரி சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாம் இருக்கிறது. அது தொலைந்தால் மறுபடி முதலில் இருந்து கியூவில் நிற்க வேண்டும்.

இவர்கள் பிச்சைக்காரர்கள் அல்ல. வீடு வாசல் உள்ளவர்கள். விழுப்புரம் பக்கம், திருவண்ணாமலை பக்கம், ஆந்திராவில் நெல்லூர் பக்கம் என்று ஊரில் இருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்.

ஒரு பாஸ், ஒரு ஆள்

அரசு பொது ஆஸ்பத்திரி 1664ல் கோட்டைக்குள் தொடங்கியது. இப்போது உள்ள இடத்துக்கு 1772ல் வந்தது. 2011ல் இதற்கு ராஜீவ் காந்தி பெயர் வைக்கப்பட்டது. ஜனங்களுக்கு என்றும் இது ஜி.எச்.தான். இங்கே சுமார் 3 ஆயிரம் படுக்கைகள் இருக்கின்றன. ஒரு நோயாளிக்கு கூட ஒரே ஒரு ஆள் என்று கணக்கு வைத்தாலே 3 ஆயிரம் பேர் ஆகிறது.

ஆனால் வெளியூரில் இருந்து வருகிறவர்கள் ஒரு ஆளாக வருவது இல்லை. குறைந்தது இரண்டு பேர். ஒருவர் நோயாளி பக்கத்தில் இருக்க, ஒருவர் மருந்துக்கும் ரத்தத்துக்கும் ஓட வேண்டும் அல்லவா?

பொதுவாக அரசு ஆஸ்பத்திரிகளில் வார்டுக்குள் இருக்க ஒருவருக்குத்தான் பாஸ். பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களுக்கு இடம் இல்லை. ஆக மனைவி உள்ளே ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பாள். கணவன் வெளியே பிளாட்பாரத்தில். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, எழும்பூர் என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தக் காட்சியைக் காணலாம்.

“லாட்ஜில் தங்க வேண்டியதுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. வால்டாக்ஸ் ரோட்டிலும் பெரியமேட்டிலும் லாட்ஜுக்குப் பஞ்சம் இல்லை. கூலி வேலை செய்கிறவரின் ஒரு நாள் சம்பளத்தை ஒரு ராத்திரி வாடகை முழுங்கிவிடும். அதுவும் ஊரில் வேலைக்குப் போய்க்கொண்டு இருந்தால்தான் சம்பளம். இங்கே வந்து உட்கார்ந்த நாளில் இருந்து அதுவும் நின்றுவிட்டது.

காசு இருந்தாலும் பலர் லாட்ஜுக்குப் போக மாட்டார்கள். காரணம், கூப்பிட்டால் காதில் விழவேண்டும். நடுராத்திரி 2 மணிக்கு திடீர் என்று ரத்தம் வேண்டும் என்பார்கள். ஆபரேஷனுக்கு கையெழுத்து வேண்டும் என்பார்கள். நோயாளியின் பெயரைச் சொல்லி “கூட வந்தவங்க யாரு?” என்று கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் என்ன ஆவது? அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் தூங்குவது இல்லை.

தங்கும் இடம் கட்டுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஊருக்கு வெளியே நிலம் சும்மா கிடைக்கிறது என்று அங்கே கட்டினால் ஒருவரும் வரமாட்டார்கள்.

தூங்கினால் திருட்டு

பிளாட்பாரத்தில் படுப்பவர்களுக்கு கொசுவும் மழையும் மட்டும் எதிரி அல்ல. அசந்து தூங்கும்போது செல்போன் போகும். இடுப்பில் முடிந்து வைத்த பணம் போகும். போலீசில் புகார் கொடுக்கவும் அவர்கள் போவது இல்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வார்டில் கூப்பிட்டுவிட்டால்?

இன்னொரு ரகம் ஆசாமிகள், “அண்ணே, எனக்கு உள்ளே ஆள் தெரியும். ஸ்கேன் சீக்கிரம் எடுத்துத் தரேன்” என்று இனிக்க இனிக்கப் பேசி வருவார்கள். இலவசமாக நடக்கவேண்டிய காரியத்துக்கு காசு வாங்கிக்கொண்டு மாயமாகி விடுவார்கள். ஊர் தெரியாமல் வெளியே கிடப்பவன்தான் இவர்களுக்கு வேட்டை.

பெண்கள் பாடு இன்னும் மோசம். ராத்திரியில் கக்கூஸ் போக பயந்து, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவளே நாலு நாளில் நோயாளி ஆகிறாள்.

வைத்தியத்துக்கு வழி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை இலவசம். முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. சாப்பாட்டுக்கும் ஒரு வழி வந்தது. 2013ல் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்று விலை வைத்தார்கள். ஆஸ்பத்திரிகளிலும் திறந்தார்கள். ஆனால் கூட வந்தவர் தலை சாய்க்கும் செலவு எந்த கார்டிலும் வராது.

படுக்கை இல்லாத நோயாளிகள்

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு சங்கதி உண்டு. நோயாளிக்கே படுக்கை இல்லாத நாட்கள்!

புற்றுநோய் வந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். ரத்தப் புற்றுநோய் என்றால் வைத்தியம் இரண்டு, மூன்று வருஷம் வரை நீளும். ஆரம்ப மாதங்களில் அடிக்கடி மருந்து ஏற்றவேண்டும். மருந்து ஏற்றிய பிறகு குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த ஊசிக்கு மறுபடி வரவேண்டும். பெரியவர்களுக்கு கரண்டு வைத்தியம் (ரேடியேஷன்) என்றால் வாரத்தில் 5 நாள், அப்படி 5, 6 வாரம் கூட ஆகும். தினம் சில நிமிஷ வேலைதான். அதற்கு வார்டில் படுக்கை கொடுக்க மாட்டார்கள்.

வீடு தாம்பரத்தில் இருந்தால் சரி. தர்மபுரிக்கு அப்பால் மலையில் இருந்தால்?

மருந்து ஏறிய பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அப்போது சாதாரண ஜுரம் வந்தாலும் உயிருக்கு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அந்தக் குழந்தையை பிளாட்பாரத் தூசியில் படுக்க வைக்கவும் கூடாது. 8 மணி நேர பஸ் தூரத்தில் உள்ள ஊருக்கு கொண்டுபோகவும் கூடாது. தகப்பன் என்ன செய்வான்? கடன் வாங்கி ஒரு மாதம் தங்குவான். இரண்டாவது மாதம் ஆட்டை விற்பான். மூன்றாவது மாதம் “குழந்தைதான் நன்றாக இருக்கிறதே” என்று சொல்லி ஊருக்குக் கிளம்பிவிடுவான். பாதியில் நிறுத்திய வைத்தியத்தால் அடங்கி இருந்த நோய் திரும்பி வரும்.

மருந்து இலவசமாக இருந்தும், படுக்க இடம் இல்லாததால் உயிர் போகிறது. இது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல. இந்தக் காரணத்துக்காகவே 2006ல் மும்பையில் செயின்ட் ஜூட் இந்தியா என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. புற்றுநோய்க் குழந்தைக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை முடியும்வரை இலவச இடம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை, பொது சமையல்கட்டு, ஆஸ்பத்திரி போய்வர வண்டி. இன்று சென்னையிலும் அவர்களுடைய இல்லம் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதி!

ஏழை நாட்டில்தான் இப்படி என்று நினைத்தால் தப்பு. பணக்கார அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

பிரெட் ஹில் என்பவர் அங்கே ‘ஈகிள்ஸ்’ என்ற கால்பந்து குழுவின் ஆட்டக்காரர். அவருடைய மகள் கிம். 3 வயதுக் குழந்தை. அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பெற்றோர் ஆஸ்பத்திரி நாற்காலியிலும் பெஞ்சிலும் தூங்கினார்கள். காசு போட்டால் பண்டம் விழும் மெஷினில் வாங்கிச் சாப்பிட்டார்கள். சுற்றிப் பார்த்தால் தூரத்து ஊர்களில் இருந்து வந்த பெற்றோரும் அதே பெஞ்சில்!

அதே நகரத்தின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஆட்ரி இவான்ஸ் என்ற பெண் டாக்டர் இருந்தார். புற்றுநோய்க் குழந்தைகளின் குடும்பம் தங்க ஒரு வீடு வேண்டும் என்பது அவருடைய ஆசை. கால்பந்து குழுவின் மேனேஜர் ஜிம்மி மரேயிடம் சொன்னார். மரே ஓட்டல் கம்பெனியான மெக்டொனால்டின் உதவியை நாடினார்.

அங்கே மார்ச் மாதம் ஒரு பண்டிகைக்கு பச்சை நிறத்தில் மில்க் ஷேக் விற்பார்கள். ஒரு கிளாஸ் விற்றால் 25 சென்ட் தருகிறோம் என்று பேச்சு வந்தது. நம் ஊர் நாலணா மாதிரி அது கால் டாலர். கம்பெனியின் அந்த வட்டார மேனேஜர், மொத்தப் பணத்தையும் தருகிறோம், வீட்டுக்கு எங்கள் விளம்பரக் கோமாளியின் பெயரை வைப்பீர்களா என்று கேட்டார். மரே சம்மதித்தார். (வியாபாரி வியாபாரிதான்! ஆனால் வீடு வந்ததே.)

1974 அக்டோபர் 15ந் தேதி ‘ரொனால்டு மெக்டொனால்டு ஹவுஸ்’ திறந்தது. சீக்கிரமே இடம் போதவில்லை. அதே நகரத்தில் பெரிய கட்டிடத்துக்கு மாறினார்கள். இன்று அந்தப் பெயரில் 40க்கும் மேற்பட்ட நாடுகளில் 350க்கும் அதிகமான வீடுகள் இருக்கின்றன. சிறுமி கிம் பிழைத்து, வளர்ந்து பெரியவள் ஆனாள். 2011ல் மூளைப் புற்றுநோயில் காலமானாள்.

இத்தனை வீட்டுக்கும் பணம் பெரிய முதலாளிகளிடம் இருந்து மட்டும் வந்தது அல்ல. ஓட்டல் கல்லாப் பக்கத்தில் ஒரு உண்டியல் பெட்டி இருக்கும். மிச்சச் சில்லறையை ஜனங்கள் அதில் போடுவார்கள். கூல்டிரிங்க் டின்னைத் திறக்கும் குட்டி வளையத்தைக் கூட பள்ளிப் பிள்ளைகள் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதை பழைய அலுமினியமாக எடைக்குப் போட்டு காசாக்குகிறார்கள். தங்குகிறவர்களில் முடிந்தவர்கள் ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். முடியாதவரை திருப்பி அனுப்புவது இல்லை.

துடைப்பம் பிடித்த சாது

அமெரிக்கா வரை போவானேன்? மராட்டியத்தில் காட்கே மகராஜ் என்று ஒரு சாது இருந்தார். சலவைத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். கையில் துடைப்பம், ஒரு மண் சட்டி. இவைதான் சொத்து. ஒரு ஊருக்குள் நுழைந்தால் முதல் வேலை தெருவைக் கூட்டுவது. ராத்திரி பஜனை பாடிக் கதை சொல்வார். ஜனங்கள் கொடுக்கும் காசை தனக்கு என்று தொடமாட்டார். அந்தக் காசில் தர்மசாலைகள் எழுந்தன. பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளின் உறவினர்களுக்காகவும் ஒரு தர்மசாலை கட்டினார். 1956ல் அவர் காலமானார். தாதரில் அவர் பெயரில் உள்ள தர்மசாலையில் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரி நோயாளிகளும் குடும்பங்களும் தங்குகிறார்கள்.

சென்னைக்கு மட்டும் இந்தப் புத்தி இல்லாமல் போகவில்லை. சவலை ராமசாமி முதலியார் என்ற துபாஷ், ரெயிலில் வந்து இறங்குகிறவர்கள் தங்குவதற்காக 1880களிலேயே சென்ட்ரல் எதிரே சத்திரம் கட்டினார். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று ஜனங்கள் சொல்லும் பிரசவ ஆஸ்பத்திரி அவர் பெயரில் உள்ளதுதான். ஆனால் சத்திரம் என்றால் இரண்டு நாள், மூன்று நாள் தங்கிப் போகிறவர்களுக்கு. ஆஸ்பத்திரிக் கணக்கு மாதக் கணக்கு.

மாநகராட்சியைச் சும்மா குறை சொல்லவும் கூடாது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு இரவு தங்குமிடம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2010ல் உத்தரவு போட்டது. அதன்பின் சென்னையில் தங்குமிடங்கள் பெருகின. சில அரசு ஆஸ்பத்திரி வளாகங்களிலேயே நோயாளியுடன் வருகிறவர்களுக்கு இலவச தங்குமிடம் கட்டியிருக்கிறார்கள். இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. கிடைக்காதவர்தான் ராத்திரி 9 மணிக்கு பேப்பர் விரிக்கிறார்.

கட்டிடம் ஒரு நாள்; பினாயில் தினம்!

கட்டிடம் கட்ட காசு கேட்டால் நன்கொடையாளர்கள் வருவார்கள். கல்வெட்டில் பெயர் வரும். திறப்பு விழாவுக்கு மாலை வரும். கம்பெனிகளும் தரலாம். 2013ம் வருஷ கம்பெனிச் சட்டப்படி, 5 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் காட்டும் கம்பெனி, மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூக சேவைக்குச் செலவிட வேண்டும்.

தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டமும் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை ஜனங்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும். 30 லட்சம் ரூபாய் ஹாலுக்கு 10 லட்சம் வசூலித்தால் போதும். ஒரு பஜார் வியாபாரிகள் சங்கம் மனது வைத்தால் இது மலை அல்ல.

திறப்பு விழா முடிந்த மறுநாள்தான் தலைவலி. கக்கூசுக்கு பினாயில் யார் வாங்குவது? கூட்டுகிறவருக்கு சம்பளம் யார் கொடுப்பது? மோட்டார் ரிப்பேர் ஆனால்? போர்வை துவைக்க சோப்பு? இதற்கு கல்வெட்டு கிடையாது. அதனால் நன்கொடையும் கிடையாது. புதுக் கட்டிடம் ஒரே வருஷத்தில் நாறிப்போய் பூட்டு தொங்குவது இப்படித்தான். ஜனங்கள் திரும்ப மரத்தடிக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆள் ஒரு ராத்திரி தங்க, தண்ணீர், கரண்டு, துப்புரவு, காவல் எல்லாம் சேர்த்து 50 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 பேருக்கு தினம் 5 ஆயிரம் ரூபாய். வருஷத்துக்கு 18 லட்சத்து 25 ஆயிரம். கேட்டால் தலை சுற்றும். ஆனால் ஆயிரம் கடைகள் தினம் 5 ரூபாய் எடுத்து வைத்தால் அந்த 5 ஆயிரம் வந்துவிடுகிறது. இன்றைக்கு ஒரு டீ விலையில் பாதி கூட இல்லை. பாரிமுனை, சவுகார்பேட்டை, ஈவினிங் பஜார் வட்டாரத்தில் ஆயிரம் கடைக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாம் ஜி.எச். கேட்டில் இருந்து கூப்பிடு தூரம்!

ஆகவே விரிவாக்க நிதி என்று வசூலிக்கக் கிளம்புகிறவர்கள், செங்கல்லுக்கு ஒரு கணக்கும் தினச் செலவுக்கு ஒரு கணக்கும் தனித்தனியாக வைத்துக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். “உங்கள் அப்பா திவசத்தன்று ஒரு நாள் செலவு உங்களுடையது” என்று கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. கோவில் அன்னதானம் அப்படித்தானே நடக்கிறது?

உண்டியல் ஆசாமிகள் உஷார்!

இதைப் படித்துவிட்டு, எதிரே டப்பாவை நீட்டுகிறவருக்கு எல்லாம் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். எலெக்ட்ரிக் ரெயிலிலும் சிக்னலிலும் யாரோ ஒரு குழந்தையின் போட்டோவை ஒட்டிய டப்பாவோடு வருகிறவர்களில் போலிகள் உண்டு.

வசூலிப்பது எந்த டிரஸ்ட், பதிவு எண் என்ன, எந்த ஆஸ்பத்திரிக்காக என்று கேளுங்கள். உண்டியல் வைத்தால், கடைக்காரர் முன்னால் திறந்து எண்ணி, அங்கேயே ரசீது கொடுக்க வேண்டும். 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடையாது. பெரிய தொகை என்றால் செக்காகக் கொடுங்கள். உண்மையான டிரஸ்ட் என்றால் கேள்வி கேட்டவர் மேல் கோபப்படாது.

மறுநாள் காலை

விடியற்காலை 4.30 மணிக்கே ஜி.எச். பக்கம் அரவம் தொடங்கிவிடும். குழாயடியில் கியூ. பல் விளக்கி, முகம் கழுவி, பேப்பரை மடித்து கூடையில் வைக்கிறார்கள். இன்று ராத்திரிக்கு அதுவே வேண்டும்.

வார்டு கேட் பக்கம் ஆள் மாற்றம் நடக்கிறது. ராத்திரி முழுக்க உள்ளே கண் விழித்த தாய், பாஸை மகள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வருகிறாள். பாஸ் ஒன்றுதான். மகள் உள்ளே போகிறாள். தாய், மகள் படுத்திருந்த அதே சுவர் ஓரத்தைத் தேடிப் போகிறாள். வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரமாவது கண்ணை மூடலாம் என்று பார்த்தால், அந்த இடத்தில் வேறொரு குடும்பம் கூடையை வைத்துவிட்டது.